சாதாரணமாகத் தலையிடமாட்டார்களாம்!

பண்ணையார் ஒருவர் தம் நிலத்தோரம் குடியிருந்த குடும்பத்தை அழைத்து, "இந்த வீடு இனி உன்னுடையது. கதவும் உன்னுடையது, கூரையும் உன்னுடையது, அடுப்பில் எதை ஏற்றுவது என்பதும் உன் விருப்பம். உன் இசைவின்றிச் சாதாரணமாக நான் உள்ளே நுழையமாட்டேன்" என்றார். குடும்பத்தார் மகிழ்ந்தனர், வாழ்த்தினர், வாசலில் தோரணம் கட்டினர். படித்த பிள்ளை ஒருவன் மட்டும் பத்திரத்தை இருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஐயா, ‘சாதாரணமாக’ என்று ஒரு சொல் கிடக்கிறதே! எந்த நாள் சாதாரண நாள், எந்த நாள் அசாதாரண நாள் என்று தீர்மானிப்பவர் யார்?" பண்ணையார் புன்னகை பூத்தார். "நான்தான்!" என்றார். "சாவி?" "அதுவும் என்னிடந்தான்!"

கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர். பாராளுமன்றங்களுக்கெல்லாம் தாய் என்று பாராட்டப்படும் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றம், ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் எழுதிக் கொடுத்திருக்கும் பத்திரத்தின் வாசகமே இது!

1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம், எடின்பரோவில் ஒரு பாராளுமன்றத்தை அமைத்தது. கல்வி, மருத்துவம், வேளாண்மை, உள்ளாட்சி, நீதிமுறை ஆகிய துறைகளில் அம்மன்றம் சட்டம் இயற்றலாம் என்றது. அதே சட்டத்தின் 28ஆம் பிரிவில் ஏழாவது உட்பிரிவு என்று ஒன்று உண்டு. ஸ்காட்லாந்துக்குச் சட்டம் இயற்ற வெஸ்ட்மின்ஸ்டருக்குள்ள அதிகாரத்தை இப்பிரிவு எவ்வகையிலும் பாதிக்காது என்பதே அதன் பொருள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பற்றிக்கொண்டே இருப்பதற்குச் சட்டம் சூட்டியுள்ள பெயர் உட்பிரிவு!

அச்சங்கொண்டோருக்கு ஆறுதல் கூற எழுந்தார், அன்று ஸ்காட்லாந்து அலுவலகத்தில் அமைச்சராயிருந்த சீவெல் பிரபு. 1998 ஜூலை 21 அன்று பிரபுக்கள் சபையிலே அவர் உரைத்தார்: ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்தின் இசைவின்றி, அதற்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட துறைகளில் வெஸ்ட்மின்ஸ்டர் சாதாரணமாகச் சட்டம் இயற்றாது, அப்படி ஒரு மரபு உருவாகும் என எதிர்பார்க்கிறோம். அன்று பிறந்ததுதான் ‘சீவெல் மரபு’. அந்த மரபின் மானம், ‘சாதாரணமாக’ என்ற ஒற்றைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவ்வளவு அவநம்பிக்கை எதற்கு, வாக்களித்தவர் கனவான்களாயிற்றே என்று கேட்போர் உளர். அவர்களுக்கு வரலாறு பதில் கூறட்டும்.

வேல்ஸ் நாட்டை இங்கிலாந்தோடு பிணைத்தன 1536, 1543 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள். அவற்றுள் முதலாவதை இயற்றிய மன்றத்தில் வேல்ஸின் பிரதிநிதி ஒருவருமில்லை. நீதிமன்றங்களில் ஆங்கிலமே வழங்கும், வேல்ஸ் மொழி மட்டும் வழங்குவோருக்குப் பதவி கிடையாது என்று 1536ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தன் மண்ணில், தன் வழக்கை, தன் தாய்மொழியில் சொல்ல ஒருவன் அஞ்சி நிற்கவேண்டிய நிலை! நானூறு ஆண்டுகள் கடந்து, 1942இல் ஒரு சலுகை வழங்கினர். ஆங்கிலத்தில் பேசினால் தனக்கு இடையூறு என்று காட்டுபவன் மட்டும் நீதிமன்றத்தில் வேல்ஸ் மொழியில் பேசலாமாம்! தாய்மொழி பேசுவதற்கு ஊனச் சான்று கேட்பதுபோல இல்லையா இது? விரும்புகிறவரெல்லாம் பேசலாம் என்ற உரிமை 1967இல்தான் பிறந்தது. வேல்ஸ் மொழிக்கு அதன் மண்ணில் அதிகாரபூர்வ மொழி என்ற தகுதி 2011இல்தான் வாய்த்தது.

மொழியோடு நிற்கவில்லை, மண்ணும் மூழ்கிற்று. லிவர்ப்பூல் நகருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. வட வேல்ஸில் திரிவெரின் பள்ளத்தாக்கிலே அணை கட்ட 1957இல் வெஸ்ட்மின்ஸ்டர் தனிச் சட்டம் இயற்றியது. வேல்ஸ் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் எதிர்த்தும் பயனில்லை. எண்ணிக்கை எங்கிருந்ததோ அங்கே தீர்ப்பும் இருந்தது. கேபெல் கெலின் என்ற சிற்றூர், அதன் பள்ளிக்கூடம், அஞ்சலகம், வழிபாட்டில்லம், வீடுகள் அனைத்தோடும் 1965இல் நீருக்குள் மறைந்தது. வேல்ஸ் மொழியன்றி வேறறியாமல் வாழ்ந்த சிற்றூர்களுள் ஒன்று அது. லிவர்ப்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கோரியது, 2005இல்! ஊர் மூழ்கி நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த மன்னிப்பை எந்த வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது?

ஸ்காட்லாந்தின் கதையோ, கணக்கில் தோற்ற கதை. 1979 மார்ச் 1 அன்று அந்நாட்டு மக்களிடம் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டனர். வாக்களித்தோரில் 51.6 விழுக்காட்டினர் வேண்டும் என்றனர். பெரும்பான்மை கிடைத்துவிட்டதல்லவா? இல்லையாம்! வாக்காளர் பட்டியலில் உள்ள மொத்தப் பேரில் நாற்பது விழுக்காட்டினர் ஆதரித்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தடைக்கல்லை நட்டு வைத்திருந்தது வெஸ்ட்மின்ஸ்டர். ஆதரவு 32.9 விழுக்காடு என்று கணக்குப் பார்த்துச் சட்டத்தையே நீக்கினர். வீட்டிலிருந்தவனும், ஊரில் இல்லாதவனும், பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படாத இறந்தவனுங்கூட, ‘வேண்டாம்’ என்றவர்களாகவே எண்ணப்பட்டனர். அந்த அளவுகோலை உறுப்பினர்கள் தங்கள் தொகுதிகளுக்குப் பொருத்திப் பார்த்திருந்தால், எத்தனை பேர் மன்றத்தில் அமர்ந்திருக்க முடியும்?

பின்னர் நடந்தது யாது? 1987 தேர்தலில் ஸ்காட்லாந்தின் 72 இடங்களில் பத்தே இடங்களைப் பெற்ற கட்சி, லண்டனில் ஆட்சி நடத்தியது. தலைவரி என்று மக்கள் தூற்றிய வரியை இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்னதாக, 1989இலேயே ஸ்காட்லாந்தின் தலையில் சுமத்தியது. கொதித்த உள்ளம் காத்திருந்தது. 1997 செப்டம்பர் 11 அன்று மீண்டும் கேட்டபோது 74.3 விழுக்காட்டினர், எங்களுக்குப் பாராளுமன்றம் வேண்டும் என்று முழங்கினர். ஒரு வாரங்கழித்து வேல்ஸ் மக்கள் 50.3 விழுக்காட்டால் ஒப்பினர். 2011இல் முழுச் சட்டமியற்றும் அதிகாரம் வேண்டுமா என்றபோது 63.5 விழுக்காட்டால் வலியுறுத்தினர். வட அயர்லாந்து மக்கள் 1998 மே மாதத்தில் 71.1 விழுக்காட்டால் சமாதான உடன்பாட்டை ஏற்றனர். பிச்சையாகப் பெற்றதல்ல இந்த ஆட்சியுரிமை. மக்கள் வாக்குச் சீட்டால் வாங்கியது.

2014இல் ஸ்காட்லாந்து தனி நாடாவதா என்ற வாக்கெடுப்பு வந்தது. முடிவு நெருங்க நெருங்க லண்டனில் நடுக்கம்! வாக்கெடுப்புக்கு இரண்டே நாள் முன்னால் மூன்று பெருங்கட்சிகளின் தலைவர்களும் கூட்டாகக் கையொப்பமிட்டு, பிரியாதீர், அதிகாரத்தைப் பெருக்கித் தருகிறோம், உங்கள் பாராளுமன்றம் நிலையானது என்று ஏட்டின் முதல் பக்கத்திலே உறுதிமொழி வெளியிட்டனர். மக்கள் 55.3 விழுக்காட்டால் சேர்ந்திருக்க முடிவு செய்தனர். உறுதிமொழிக்கு உருவம் கொடுக்க 2016ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஸ்காட்லாந்து மக்களே வாக்கெடுப்பில் முடிவு செய்தாலன்றி அவர்தம் பாராளுமன்றத்தைக் கலைத்தொழிக்க இயலாது என்றது. சீவெல் மரபையும் சட்டத்தில் பொறித்தது. எப்படிப் பொறித்தது? அதே ‘சாதாரணமாக’ என்ற சொல்லோடு! 2017இல் வேல்ஸுக்கும் அதே சொல்லையே வழங்கினர்.

சட்டத்தில் ஏறிய சொல்லுக்குச் சட்டத்தின் வலிமை உண்டல்லவா என்று மக்கள் நம்பினர். சோதனை விரைவிலேயே வந்தது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகச் சொன்னது. வேல்ஸும் அவ்வாறே சொன்னது. ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினரும் வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினரும் விலக வேண்டாம் என்றனர். விலகலைத் தொடங்க அம்மன்றங்களின் இசைவு வேண்டுமா என்ற கேள்வி உச்சநீதிமன்றத்தின் முன் நின்றது. 2017 ஜனவரி 24 அன்று தீர்ப்பு. அம்மரபு அரசியல் மரபே. அதை நிறைவேற்றி வைப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல. மரபுகளுக்கு நீதிபதிகள் பெற்றோருமல்லர், காப்பாளருமல்லர், வெறும் பார்வையாளரே என்ற கருத்தில் நீதிபதிகள் அனைவரும் ஒன்றுபட்டனர். நீதிபதிகளைக் குறை கூறுவதற்கில்லை. ஏட்டில் எழுதியிருந்ததைத்தான் அவர்கள் படித்தார்கள். குறை, எழுதியவனுடையது. சட்டம் போலத் தோன்றவேண்டும், சட்டமாக இருக்கக்கூடாது என்றல்லவா அதை எழுதி வைத்தான்!

பூட்டு பொம்மைப் பூட்டு என்று தெரிந்தபின் கதவைத் தள்ள எவ்வளவு நேரமாகும்? 2018 மே 15 அன்று ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம், விலகல் மசோதாவுக்கு இசைவு தர 93 வாக்குகளுக்கு 30 என்ற கணக்கில் மறுத்தது. அம்மசோதா ஜூன் 26 அன்று சட்டமாயிற்று! கேட்டபோது, இவை சாதாரண நாட்கள் அல்ல என்று அமைச்சர் விடையளித்தார். பண்ணையாரின் வாசகமேதான்!

அதனினும் கொடிது ஒன்று. அதே 2018 மார்ச் 21 அன்று, ஐரோப்பியச் சட்டங்கள் விலகினால் தம் துறைகளில் என்ன செய்வதென்று ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் ஒரு மசோதாவை 95 வாக்குகளுக்கு 32 என்று நிறைவேற்றியது. லண்டன் அரசு அதை உச்சநீதிமன்றத்துக்கு இழுத்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, இசைவு மறுக்கப்பட்ட தன் சட்டத்தை நிறைவேற்றி, அதனை ஸ்காட்லாந்து மாற்றக்கூடாத சட்டங்களின் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டது. டிசம்பர் 13 அன்று தீர்ப்பு வந்தது. நிறைவேறிய நாளில் அம்மசோதாவில் ஒரு பிரிவு மட்டுமே அதிகார வரம்பை மீறியது; ஆனால் இடையில் வந்த சட்டத்தால் மேலும் பல பிரிவுகள் செல்லாமற் போயின என்றது நீதிமன்றம். சடுகுடு ஆடும்போதே கோட்டை அழித்து வேறிடத்தில் போட்டுவிட்டு, ‘நீ கோட்டைத் தாண்டிவிட்டாய்’ என்று கூறுவது எந்த ஊர் ஆட்டம்?

2020 ஜனவரியில் மூன்று மன்றங்களும், எடின்பரோ, கார்டிஃப், பெல்ஃபாஸ்ட் மூன்றுமே, விலகல் உடன்பாட்டு மசோதாவுக்கு இசைவு மறுத்தன. ஜனவரி 23 அன்று அது சட்டமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் உள்நாட்டுச் சந்தைச் சட்டம் வந்தது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் இசைவு மறுத்தும் வந்தது. ஒரு பகுதியில் விற்கத் தகுந்த சரக்கை எல்லாப் பகுதியிலும் விற்கலாம் என்பது அதன் சாரம். கேட்கச் செவிக்கினிய கொள்கை! ஆனால் ஸ்காட்லாந்து தன் கடைத்தெருவுக்கு ஒரு கட்டுப்பாட்டை விதித்தால், இங்கிலாந்திலிருந்து வரும் சரக்குக்கு அது பொருந்தாது என்பதன்றோ இதன் விளைவு? காலிப் புட்டிகளைத் திரும்பப் பெறும் திட்டமொன்றை ஸ்காட்லாந்து வகுத்தது. அதற்கு விலக்குக் கேட்டு லண்டனிடம் நிற்க வேண்டியதாயிற்று. கண்ணாடிப் புட்டியைச் சேர்க்காவிட்டால்தான் விலக்கு என்று 2023இல் விடை வந்தது, திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அத்திட்டத்துக்கு வேறு சிக்கல்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆயினும், குடித்துக் கழித்த புட்டியைப் பொறுக்குவதற்குக்கூட ஓர் அரசு இன்னோர் அரசின் கடைக்கண்ணை நோக்கி நிற்பதா சுயாட்சி?

2022 நவம்பர் 23 அன்று, தனி நாடு பற்றி மக்கள் கருத்தைக் கேட்கும் வாக்கெடுப்பு நடத்தக்கூட ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று உச்சநீதிமன்றம் ஒருமுகமாகக் கூறிற்று. அடுத்த திங்கள், பாலின அங்கீகாரம் பற்றிய மசோதாவை அம்மன்றம் 86 வாக்குகளுக்கு 39 என்று நிறைவேற்றியது. 2023 ஜனவரியில், 35ஆம் பிரிவு என்ற ஆயுதத்தை அது பிறந்த நாள் முதல் முதன்முறையாக உருவி, லண்டன் அமைச்சர் அதற்கு மன்னரின் ஒப்புதலைத் தடுத்தார். அம்மசோதா நல்லதா கெட்டதா என்பதில் ஸ்காட்லாந்திலேயே கருத்து வேற்றுமை உண்டு. தடுத்தது சட்டப்படி செல்லும் என்று எடின்பரோ நீதிமன்றமே அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. என் கேள்வி மசோதாவைப் பற்றியதன்று. தவறான சட்டம் என்றால் அதை மாற்றவேண்டியவர், அச்சட்டத்தின்கீழ் வாழும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமா, அவர்களிடம் வாக்குக் கேட்டு வென்றிராத கட்சியின் அமைச்சர் ஒருவரா என்பதே கேள்வி.

இந்த ஆயுதங்களை நாம் அறியாதவர்களல்லர். இதே வெஸ்ட்மின்ஸ்டர் 1919இல் ஒரு சட்டம் இயற்றி, சென்னை மாகாணத்துக்கு இரட்டையாட்சி என்ற ஒன்றை அருளியது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி ‘மாற்றப்பட்ட’ துறைகள். நிதியும் போலீசும் நிலவரியும் ‘ஒதுக்கப்பட்ட’ துறைகள். 1920இல் நீதிக்கட்சி அமைச்சர்கள் பொறுப்பேற்றபோது வண்டி அவர்களிடம், கடிவாளம் கவர்னரிடம்! அந்தக் குறுகிய இடத்திலும் வகுப்புரிமையை நிலைநாட்டியது அவர்தம் ஆற்றல், கொடுத்தவரின் தாராளமன்று. 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானத்தை இச்சட்டமன்றம் நிறைவேற்றியதும், கடிவாளம் யாரிடம் என்ற அதே கேள்வியால்தான். ‘ஒதுக்கப்பட்ட’ என்ற சொல் இன்று ஸ்காட்லாந்துச் சட்டத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

மறுப்போர் என்ன கூறுவர்? ‘பாராளுமன்றத்தின் இறைமை எல்லையற்றது, அதுவே எங்கள் அரசியலமைப்பின் அடித்தளம், டைசி 1885இல் எழுதி வைத்தார்’ என்பர். எழுதியவர், மறு ஆண்டே அயர்லாந்தின் சுயாட்சியை எதிர்த்துத் தனி நூல் தீட்டியவர் என்பதையும் நினைவிற் கொள்வோம். இவ்விறைமை எல்லாருடைய சொத்துமன்று. எலிசபெத் ராணியார் பட்டமேற்றபோது ‘இரண்டாம் எலிசபெத்’ என்றனர். இங்கிலாந்துக்குத்தான் அவர் இரண்டாமவர். ஸ்காட்லாந்தை எலிசபெத் என்ற பெயரில் எவரும் அதற்குமுன் ஆண்டதில்லை! 1953இல் இதை எதிர்த்து மெக்கார்மிக் தொடுத்த வழக்கு தோற்றது. ஆனால் அத்தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி கூப்பர் பிரபு, எல்லையற்ற இறைமை என்பது ஆங்கிலேயருக்கே உரிய கொள்கை, ஸ்காட்லாந்தின் அரசியல் சட்டத்தில் அதற்கு இணை கிடையாது என்று உரைத்தார். 1707இல் இரு நாடுகள் இணைந்தபோது, ஒரு நாட்டின் வழக்கம் மட்டும் எப்படி இருவருக்கும் சட்டமாயிற்று? இக்கேள்விக்கு வெஸ்ட்மின்ஸ்டரின் விடை மௌனம்!

‘எல்லாருக்கும் அங்கே இடமிருக்கிறதே’ என்பர். இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். 2024 முதல் மக்கள் சபையின் 650 இடங்களில் இங்கிலாந்துக்கு 543, ஸ்காட்லாந்துக்கு 57, வேல்ஸுக்கு 32, வட அயர்லாந்துக்கு 18. மூன்று நாட்டாரும் முழுமையாக ஒன்றுபட்டாலும் 107! மக்கட்தொகைக்கு ஏற்ற இடம். அதில் அநீதி இல்லை. ஆனால் அந்த எண்ணிக்கையே, அம்மூவரின் வீட்டு விவகாரத்திலும் இறுதிச் சொல்லாக இருப்பதுதான் அநீதி.

‘ஸ்காட்லாந்து உறுப்பினர் இங்கிலாந்தின் பள்ளி, மருத்துவமனை பற்றி வாக்களிக்கிறார், அது நியாயமா?’ என்பர். நியாயமான குறை! அதைத் தீர்க்க 2015இல் ஒரு விதியைக் கொணர்ந்து, 2021இல் தாமே கைவிட்டனர். இங்கிலாந்துக்கும் ஒரு மன்றம் வேண்டுமாயின் தாராளமாக அமைத்துக்கொள்ளட்டும், வாழ்த்துவோம். தன் வீட்டுக்குக் கதவில்லை என்பதற்காக அண்டை வீட்டுச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது பரிகாரமாகாது.

‘2014இல் சேர்ந்திருக்க ஒப்பினார்களே’ என்பர். ஒப்பினார்கள். எதை நம்பி ஒப்பினார்கள்? உறுதிமொழியை நம்பி! உறுதிமொழியை உடைத்தவன், அதை நம்பி இட்ட வாக்கைக் காட்டி உரிமை கொண்டாடுவது அறமாகுமா?

பிரிந்து போ என்று எவரையும் தூண்டுவது நம் நோக்கமன்று; அது அம்மக்கள் தாமே முடிவு செய்யவேண்டியது. ஆனால் சேர்ந்து வாழச் சொல்பவர், சேர்ந்து வாழத் தக்க நிபந்தனையைத் தரவேண்டும். அது எட்டாக்கனியுமன்று. ‘சாதாரணமாக’ என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து களைந்தெறியட்டும். இசைவு மறுக்கப்பட்டால் சட்டம் நிற்கும் என்று எழுதி, அதைக் காக்கும் பொறுப்பை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கட்டும். 35ஆம் பிரிவை அமைச்சர் ஒருவரின் கையிலிருந்து அகற்றட்டும். கார்டன் பிரௌன் தலைமையில் அமைந்த குழுவே 2022இல், பிரபுக்கள் சபைக்கு மாற்றாக நாடுகளும் மண்டலங்களும் அமரும் பேரவை வேண்டும், இசைவு மரபு வலுப்படவேண்டும் என்று பரிந்துரைத்தது. 2024 தேர்தலில் அதே கட்சி மக்கள்முன் வைத்ததோ, மரபுக்குப் புதிய புரிந்துணர்வு ஒப்பந்தம் என்ற வாக்குறுதி! புரிந்துணர்வு, புரிந்துகொள்ள மனமுள்ளவனைத்தான் கட்டுப்படுத்தும். மனமற்றவனைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும்.

பண்ணையார் நல்லவராகவே இருக்கட்டும். நாளொன்றுக்கு நான்குமுறை வந்து நலம் விசாரிக்கட்டும். ஆனால் சாவி அவர் மடியில் இருக்கும்வரை அந்த வீட்டில் இருப்பவன் சொந்தக்காரனல்லன், குடியிருப்பவன். கேபெல் கெலின் மக்கள் தண்ணீர் ஏறும்வரை அதை நம்ப மறுத்தார்களோ என்னவோ. எடின்பரோவும் கார்டிஃபும் பெல்ஃபாஸ்டும் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. சாவியைக் கேட்பது பகையன்று. அதைத் தர மறுப்பதுதான் பகையை வளர்ப்பது!